வீட்டுக்குள் மட்டும்

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மகளும் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? அணை வேலைச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள் என்று போன கடிதத்தில் எழுதினேன். கட்டிக்கொண்டிருக்க மாட்டாய். அணையைக் கட்டி முடிப்பதற்குள் நெஞ்சுக்கூடு முழுக்கச் சிமெண்டை நிரப்பிக்கொண்டு வந்து நிற்காதே. அதை வெளியே எடுக்க என் மருந்தறையில் கருவி கிடையாது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வாயாடி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். நீ வைத்த செல்லப்பெயர்தான், ஆனால் இப்போது பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குள் நம் மொழியில் கொஞ்சம் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஊர் மொழி, அதுவும் கேட்டதற்கு மட்டும் பதில். நீ சொன்னபடிதான் நடக்கிறோம். காலையில் அவள் முன்னால் போய்விடுவாள், நான் அடுப்பைத் துடைத்துவிட்டுப் பின்னால் போவேன். பள்ளிக்குள் அவள் ஒரு மாணவி, நான் மருந்தறை நர்ஸ். நாங்கள் அத்தையும் மருமகளும் என்பது அங்கே ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. "ஒருத்தர் மாட்டினா இன்னொருத்தர் தப்பணும் அக்கா" என்று நீ சொன்னதை மறக்கவில்லை.

புதிய தலைமையாசிரியை வந்திருக்கிறார். நல்லவர். அதுதான் எனக்குக் கவலை. "எத்தனை விதமான வீட்டிலேர்ந்து பிள்ளைங்க நம்ம பள்ளிக்கு வர்றாங்க, அதைக் கொண்டாட வேண்டாமா?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார். நவம்பரில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, தன் வீட்டில் தினமும் காதில் விழுகிற ஒரு வாக்கியத்தை வீட்டு மொழியிலேயே சொல்ல வேண்டுமாம். அதோடு பிள்ளைகளின் மனநலத்துக்கென்று ஒரு ஆலோசகரை நியமித்து, என் மருந்தறைக்கு அடுத்த அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். "இங்கே யாரும் யாருக்கும் பயந்து இருக்கக் கூடாது" என்று கதவில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நடையை எட்டிப் போடுகிறேன்.

என்ன செய்வது என்று எழுது. படித்ததும் கிழித்துவிடு.

உன் அக்கா

அப்பா, நான் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அத்தை கடிதத்தின் கீழே வழக்கம்போல என் வரி. - வாயாடி


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் ரத்த அழுத்தம் எப்படி? ஊருக்கெல்லாம் கையில் பட்டையைக் கட்டி அளக்கிறாய், உனக்கு யார் அளக்கிறார்கள்? என் இருமல் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

போனில் கூப்பிட்டிருக்கலாம் என்று நினைப்பாய். இங்கே இருக்கிற ஒரே போன் மேற்பார்வையாளர் அறையில். நான் வாயைத் திறந்தால் சுற்றி நிற்கிற எல்லார் காதிலும் நம் மொழி விழும். கடிதத்துக்குச் சத்தம் கிடையாது. டீசல் லாரி எப்போது மேலே வருகிறதோ அப்போது உன் கடிதம் வரும், அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தத் தலைமையாசிரியை நல்லவராகவே இருக்கட்டும். நம் பழைய ஊரில் நம் மொழிக்காரர்களைத் தெருத்தெருவாகத் தேடியவர்களும் முந்தைய நாள்வரை நல்லவர்கள்தான். வாயாடியின் அம்மாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன கூட்டத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் ஒருத்தன் இருந்தானாம். யார் எந்த வீடு என்று தெரியாதவரைக்கும்தான் பாதுகாப்பு அக்கா. மேடையில் ஏறி நானே சொல்கிறேன் என்று சொன்னால், பிறகு தேடுகிறவனுக்கு வேலையே இல்லை.

அந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல் வரட்டும். நீ நர்ஸ், உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். அந்த மஞ்சள் அறைப் பக்கமும் அவள் போகக் கூடாது. அன்பாகக் கேட்கிறவர்களிடம்தான் பிள்ளைகள் உளறும்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயாடிக்கு என் முத்தம்.

தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது, நீ நிதானமாகப் படி.

போன வாரம் வகுப்பில் வாயாடிக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து மயங்கி விழுந்தாள். பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் போட்டார்கள். உடம்பு கொதித்தது. சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். நான் ஊர் மொழியில், "உன் பேர் என்னம்மா? எந்த வகுப்பு?" என்று கேட்டேன். காலையில் நான்தான் அவளுக்குத் தலை வாரி அனுப்பியிருந்தேன். அவளும் ஒழுங்காகப் பெயரும் வகுப்பும் சொன்னாள். நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம்.

பிள்ளைகள் போன பிறகுதான் வினை. பக்கத்துக் கட்டிலில் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி முழங்காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னிய சடை, அதனால் ரெட்டைச்சடை என்றே எழுதுகிறேன். வாயாடி மயக்கத்தில் நம் மொழியில் முனகினாள். "அத்தை, லைட்டை அணைங்க, கண்ணு கூசுது." அவ்வளவுதான். ரெட்டைச்சடை சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். வாயாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லைட்டை அணைக்காமலே நின்றேன்.

அன்று முதல் அந்தப் பெண்ணின் கண் இவளை விட்டு அகலவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்காருகிறாளாம். சாப்பிடுவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். முந்தாநாள் மாலை நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற தையல்கடை வாசலில் நின்றாள். தைக்கக் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. நேற்றும் நின்றாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கதவு எண்ணைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள்.

அவள் வீட்டில் யார், அப்பா என்ன செய்கிறார், யாருக்கும் தெரியவில்லை. யாரோடும் ஒட்டாத பெண்ணாம்.

சீக்கிரம் பதில் போடு. கிழித்துவிடு.

அக்கா

அப்பா, காய்ச்சல் போய்விட்டது. பயப்படாதீர்கள். - வாயாடி


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். கடிதம் வந்ததிலிருந்து தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நேற்று வயரிங் வேலையில் மெயினை அணைக்காமலே கை வைக்கப் போனேன், பக்கத்தில் நின்றவன் பிடித்து இழுத்தான். "வீட்டு ஞாபகமா?" என்று கேட்டான். எனக்கு வீடே இல்லை என்றுதான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

கதவு எண்ணைப் பார்க்கிற பெண் சும்மா பார்க்கவில்லை. யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அப்போதும் இப்படித்தான் ஆரம்பித்தது, பிள்ளைகளை விட்டுத்தான் பார்க்கச் சொன்னார்கள். முடிந்தால் வீட்டை மாற்று. முடியாவிட்டால் அந்தப் பெண் வாயாடியின் பக்கத்தில் வராமல் செய். எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடு.

சுரங்கம் மறுபக்கம் உடைந்து திறக்கும்வரை யாருக்கும் விடுமுறை இல்லையாம். இல்லாவிட்டால் இந்த லாரியிலேயே இறங்கி வந்திருப்பேன்.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, மெயினை அணைத்துவிட்டு வேலை செய்.

நீ நிம்மதியாக இருக்கலாம். ரெட்டைச்சடையைப் பள்ளியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறொரு மாணவியைப் பின்தொடர்ந்து பயமுறுத்தினாள் என்று யாரோ தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. பிள்ளைகளின் மனநலம் பற்றிப் புது விதி ஒன்றும் வந்திருக்கிறது, அதன்படி விசாரணை முடியும்வரை அவள் வகுப்புக்கு வரக் கூடாது. தையல்கடை வாசலில் இப்போது யாரும் நிற்பதில்லை.

வாயாடிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அதனால் இந்தத் தடவை அவள் வரி இல்லை. வெந்நீர் கொடுக்கிறேன், சரியாகிவிடும்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். உன் கடிதம் வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து மறுபடி படித்தேன், தூக்கம் போய்விட்டது.

தொண்டை கட்டினால் கை எப்படி எழுதாமல் போகும்? இத்தனை வருஷத்தில் அவள் வரி இல்லாமல் உன் கடிதம் வந்ததே இல்லை. அப்புறம், நீ இவ்வளவு சின்னக் கடிதம் எழுதுகிற ஆளா? கடையில் தக்காளி வாங்கியதையே பக்கம் பக்கமாக எழுதுகிறவள், ஒரு பெண்ணைப் பள்ளியிலிருந்து அனுப்பியதை இப்படி முடித்துவிட்டாய். புகார் சொன்னது "யாரோ" என்கிறாய். சரி, நான் கேட்கப் போவதில்லை என்று நானே எழுதினேன், கேட்கவில்லை.

வாயாடியை எனக்கு எழுதச் சொல். ஒரு வரி போதும்.

தம்பி


அக்டோபர் 4

அக்கா,

லாரி வந்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு எதுவும் இல்லை. மறுபடி வந்தது, அப்போதும் இல்லை. டிரைவரிடம் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன், கவிழ்த்துக் காட்டினான். "யார்கிட்டேர்ந்து எதிர்பார்க்குற?" என்று கேட்டான். பையை அவனிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. வெற்றுத்தாளில் உங்கள் இருவர் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன்.

தம்பி


அக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் நலம் என்று எழுத வாய் வரவில்லை.

வாயாடி பேசுவதில்லை. தொண்டையும் கட்டவில்லை, ஒன்றும் கட்டவில்லை. ரெட்டைச்சடையை வகுப்பிலிருந்து பையோடு கூட்டிக்கொண்டு போன அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வெளியே மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் இல்லை. நம் மொழியிலும் இல்லை, ஊர் மொழியிலும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள், எழுந்து போய்விடுவாள். தோளிலிருந்து சட்டை நழுவுகிற அளவுக்கு மெலிந்துவிட்டாள். பாதிப் பள்ளிக்கூடத்துக்கு மருந்து கொடுக்கிறேன், இவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. மஞ்சள் அறையில் இருக்கிற ஆலோசகர் வந்து, "அந்தப் பொண்ணு எதையோ அடக்கி வெச்சிருக்கா சிஸ்டர், அவ வீட்டுல யார்கிட்டப் பேசலாம்?" என்று என்னிடமே கேட்டார். தெரியாது என்றேன்.

புகார் சொன்ன "யாரோ" நான்தான். உனக்கு அது முதலிலேயே தெரியும். அடுத்தது உனக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் ரெட்டைச்சடையின் அம்மா மகளுக்காகக் கெஞ்சப் பள்ளிக்கு வந்தார். சலவைக்கடையில் வேலை போல, கையெல்லாம் சோப்பில் வெளுத்துப் போயிருந்தது. தலைமையாசிரியை அறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். என் மருந்தறைக்குக் கூட்டி வந்தார்கள். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் பேசிக்கொண்டார். "இனி எந்த ஊருக்குப் போவேன், பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இனி எந்த ஊருக்குப் போவேன்." தம்பி, நம் மொழியில். நம் பழைய ஊர்ப் பேச்சே அதுதான், இழுப்புகூட மாறவில்லை.

ரெட்டைச்சடை யாரும் அனுப்பி வரவில்லை. அவர்களும் நம்மைப்போல் ஓடி வந்தவர்கள், நம்மைப்போல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள். அந்தப் பெண் அன்று கட்டிலில் நம் மொழியைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தது பயத்தில் இல்லை. பேச ஒரு ஆள் கிடைத்தது என்று வீட்டு வாசல்வரை வந்து, கூப்பிடத் துணிச்சல் இல்லாமல் நின்றிருக்கிறாள். அவளைத்தான் துரத்திவிட்டேன்.

அந்த அம்மாவின் கை என் கையில் இருந்தது. ஒரு வார்த்தை, நம் மொழியில் ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஊர் மொழியில், "அசையாம இருங்க, அளவு தப்பா வரும்" என்றேன். அவர் கண்ணைத் திறந்து, அதே ஊர் மொழியில், "சரிங்க சிஸ்டர்" என்றார்.

வீட்டுக்கு வந்து வாயாடியிடம் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை அக்டோபர் 28. புகாரைத் திரும்ப வாங்கு என்பாய். ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பெண் உங்கள் மாணவியைத் தேடி வரவில்லை, எங்கள் மொழியைத் தேடி வந்தாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் யார், வாயாடி யார், எல்லாம் வெளியே வந்துவிடும். உன்னைக் கேட்காமல் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்லாவிட்டால் அந்தக் குடும்பம் மறுபடி மூட்டை கட்டும். அதற்குள் பதில் போடு.

அக்கா


அக்டோபர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? அத்தை எழுதிய உறை இன்னும் தபாலில் சேரவில்லை, அதே உறைக்குள் இதையும் வைக்கிறேன். அத்தை படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அத்தைக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அத்தை புகார் சொல்வதற்கு முந்தைய நாள், மாடிப்படி திருப்பத்தில் ரெட்டைச்சடை என் கையைப் பிடித்தாள். யாரும் இல்லையா என்று மேலேயும் கீழேயும் பார்த்தாள். பிறகு நம் மொழியில், "நீயும் நம்ம ஆளுதானே?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே நடுங்கினாள்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். "நீ என்ன சொல்றேன்னு எனக்குப் புரியல" என்று ஊர் மொழியில் சொன்னேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி முகத்தைக்கூட மாற்றவில்லை. அவள் "ஸாரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது என்னைப் பார்க்கவில்லை. அதிலிருந்து எனக்குப் பேச்சு வரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை அப்பா. வாயைத் திறந்தால் அந்த வாக்கியம்தான் முதலில் வருகிறது, அதனால் மூடிக்கொள்கிறேன்.

28-ஆம் தேதி நான் போய் உண்மையைச் சொன்னால் அவள் திரும்பி வருவாள். ஆனால் நான் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பேசியிருக்கிறேனே.

நான் சின்னப் பிள்ளை, எனக்கு ஞாபகம் இருக்காது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பஸ் ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் கம்பி சூடாக இருந்தது. எனக்குத் தாகம். நம் மொழியில் தண்ணி கேட்டேன், சத்தமாகக் கேட்டேன். அப்புறம் அம்மா இல்லை. நான் தண்ணி கேட்டதால்தானே அப்பா அவர்களுக்குத் தெரிந்தது? அதனால்தானே வெளியே பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? நீங்கள் என்னைத் திட்டியதே இல்லை. அதனால்தான் கேட்கப் பயமாக இருந்தது.

பதில் போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாடி


அக்டோபர் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மலையில் மழை என்று கேள்விப்பட்டேன். உன் பதில் வரவில்லை. காத்திருந்தோம், நேற்றுக் காலைவரைக்கும் காத்திருந்தோம்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியை, ஆலோசகர், ரெட்டைச்சடை, அவள் அம்மா. அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. "நீங்க பார்த்ததைச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்கள். வாயைத் திறந்தேன், மூடினேன். பார்த்தது பார்த்ததுதான் என்றுகூடச் சொல்லியிருப்பேன் தம்பி, நான் அவ்வளவு கோழை.

கதவு திறந்தது. வாயாடி. அவளை யாரும் கூப்பிடவில்லை. பேயறைந்த மாதிரி முகம், உதடெல்லாம் வெடித்திருக்கிறது. நேராக ரெட்டைச்சடையின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை, மறுபடி திறக்கிறாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் நம் மொழியில், அந்த அறையில், அத்தனை பேருக்கு நடுவில் சொன்னாள்.

"அன்னிக்கு நீ கேட்டது எனக்குப் புரிஞ்சுது. நான் பொய் சொன்னேன்."

ரெட்டைச்சடையின் அம்மா எழுந்துவிட்டார். "எங்களுக்கு அந்த மொழி தெரியாது மேடம்" என்று ஊர் மொழியில் பதறினார். "என் பொண்ணுக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது." மகளின் வாயைப் பொத்தப் போனார். ரெட்டைச்சடை அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு வாயாடியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தலைமையாசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இது என்ன மொழி? இவ என்ன சொல்றா?" என்று கேட்டார். வாயாடி திரும்பி என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்க சொல்லுங்க" என்று ஊர் மொழியில் சொன்னாள்.

ஒருத்தர் மாட்டினால் இன்னொருத்தர் தப்ப வேண்டும் என்று கட்டி வைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு, "இவ என் தம்பி பொண்ணு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவைப் பார்த்து நம் மொழியிலும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத எனக்கு வராது. மன்னித்துவிட்டார் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

ரெட்டைச்சடை திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்கு வரலாம். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "உங்க மொழி கேக்க எவ்ளோ நல்லா இருக்கு, நவம்பர்ல ரெண்டு பேரும் சேர்ந்து மேடையில பேசுங்களேன்" என்றார். நல்லவர், ஒன்றும் புரியாத நல்லவர். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று பள்ளிக்கு வாயாடியும் நானும் சேர்ந்தே போனோம். தெருவில் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்தி வைத்திருக்கிறேன். உன் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, காலைல இதை யார் தள்ளுறது?" என்று கேட்டாள். பேசினாள் என்பதற்காக எழுதுகிறேன்.

அவள் உன் பதிலுக்குக் காத்திருக்கிறாள். எதைக் கேட்டு எழுதினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக்கு வந்தபோது எதையோ இழக்கத் துணிந்துதான் வந்தாள், அது அவள் முகத்தில் இருந்தது. எதுவானாலும் அவளுக்குச் சொல்லிவிடு.

அக்கா


அக்டோபர் 30

என் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். மண் சரிந்து மலைப்பாதை மூடிக் கிடந்தது, லாரி இன்றுதான் வந்தது. அத்தை கடிதமும் உன் கடிதமும் ஒரே உறையில் இருந்தன. விசாரணை நாள் போய்விட்டது. நீ பேசினாயா, பேசாமல் இருந்தாயா, எனக்குத் தெரியாது. பேசாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வந்த பிறகு அதை எழுத முடியவில்லை.

நீ நினைத்துக்கொண்டிருப்பது நடக்கவே இல்லை அம்மா. நன்றாகக் கேள். அந்த பஸ்ஸில் உன் அம்மாவோடு வேலை பார்த்தவன் ஒருத்தன் இருந்தான். கூட்டம் வழிமறித்தபோது அவன்தான் உன் அம்மாவைக் கைகாட்டினான். அப்போது நீ அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா இருந்தார். ஊர்க்காரர், நம் ஆள் இல்லை, முன்பின் பார்த்ததே இல்லை. உன் அம்மா உன்னை எழுப்பாமல் தூக்கி அவர் மடிக்கு மாற்றிவிட்டு, தனியாக வந்தவள் மாதிரி எழுந்து இறங்கினாள். நீ விழிக்கவே இல்லை.

இதெல்லாம் அந்த அம்மா, உன் அம்மா காதோடு சொல்லியிருந்த விலாசத்தைத் தேடி வந்து உன்னை என் கையில் கொடுத்தபோது சொன்னது. அந்த நாளைப் பற்றிப் பேசினால் உனக்கு ஞாபகம் வந்துவிடும் என்று நான் வாயே திறக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, அதுவும் தப்பாக. இத்தனை வருஷம் அதை நீ தனியாகச் சுமந்திருக்கிறாய். என் பயத்தை உனக்குக் கொடுத்தேனே தவிர, உண்மையைக் கொடுக்கவில்லை.

நீ தண்ணி கேட்டது உண்மைதான். பஸ் கிளம்பி வெகுதூரம் போன பிறகு விழித்துக் கேட்டாய், அந்த அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, நம் மொழியில், சத்தமாக. பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். ஒருத்தரும் எதுவும் சொல்லவில்லையாம். முன் இருக்கையில் இருந்த ஆள் திரும்பிப் பார்க்காமலே தன் பாட்டிலைப் பின்னால் நீட்டினாராம். அந்த அம்மா மூடியைத் திறந்து உனக்குக் கொடுத்தார்.

அப்பா